ஏகசிலா நகரத்து மகாராணி ருத்ரமாதேவியார் சரிதம்

ஸ்ரீதேவி பூதேவி ஸமேதனாய் எம்பெருமான் திருத்தேரில் எழுந்தருளும் இவ்வுத்ஸவ காலத்தில், சேவிக்க வந்திருக்கும் பாகவதோத்தமர்களின் திருமுன் ஓர் அரசியின் சரிதத்தை விண்ணப்பிக்க அடியேன் துணிகிறேன். அரசர்களைக் குறிக்க வடமொழியில் எத்தனையோ சொற்கள் உண்டு. பூபதி, நரபதி, மஹீபாலன் என அடுக்கிக்கொண்டே போகலாம். யாவும் ஆண்பாற் சொற்களே. பூமி பெண்ணாகவும், அவளைக் காக்கும் அரசன் அவளுக்கு நாயகனாகவும் கவிகள் பாடிப் பழகிவிட்டார்கள். அப்படியானால் ஒரு பெண்மணி சிங்காதனம் ஏறினால் அவரை எந்தச் சொல்லால் அழைப்பது? சற்றேறக்குறைய எழுநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் தெலுங்கு நாட்டில் இந்த வினா எழுந்தது. அதற்கு விடையாக நின்றவர் காகதீய மகாராணி ருத்ரமாதேவியார்.

வைஷ்ணவ ஸந்நிதியின் விழா மலரில் சைவ மரபில் வந்த அரசியின் கதை எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். காகதீயர்களின் முத்திரையில் விளங்கியது, பூமிப்பிராட்டியைக் கடலினின்றும் எடுத்த வராகத் திருவுரு. அவ்வரசியின் பேரன் காலத்துச் சேனாபதிகள் காஞ்சியிலும் திருவரங்கத்திலும் நம் பெருமாளுக்குக் கைங்கர்யம் செய்தவர்கள். வேறொரு காரணமும் உண்டு. அதை முடிவில் சொல்லிக்கொள்கிறேன்.

குலமும் முன்னோரும்

காகதீயர் முதலில் கல்யாணிச் சாளுக்கியர்களுக்கு அடங்கிய சிற்றரசராய் அனுமகொண்டையில் இருந்து வாழ்ந்தவர்கள். சாளுக்கியப் பேரரசு தளர்ந்தபோது ருத்ரதேவன் என்ற வேந்தன் தனியரசாய்த் தலைநிமிர்ந்தான். அவன் 1163-ஆம் ஆண்டில் அனுமகொண்டையில் எடுப்பித்த ஆயிரங்கால் ஆலயம் இன்றும் நிற்கிறது. சிவபெருமான், திருமால், சூரியன் ஆகிய மூவருக்கும் ஒரே மண்டபத்தைச் சூழ மூன்று கருவறைகள் அமைத்த திரிகூடாலயம் அது. பகைமை பாராட்டாத பக்தி அக்குலத்தின் முதற்செல்வம் என்பதற்கு அக்கல்லே சாட்சி.

ருத்ரதேவனுக்கும் தேவகிரி யாதவருக்கும் தீராப் பகை மூண்டது. 1195-ஐ ஒட்டி யாதவரோடு பொருத போரில் ருத்ரதேவன் மாண்டான். அவனுக்குப்பின் வந்த தம்பி மகாதேவனும் யாதவரை எதிர்த்துச் சென்ற போரிலேயே உயிர் துறந்தான். மகாதேவனின் குமாரராகிய கணபதிதேவர் பகைவர் கையிற் சிறைப்பட்டார். அரசன் இல்லாத நாட்டை ரேச்சர்ல ருத்ரன் என்ற சேனாபதி சிதறாமற் காத்தான். அவன் பாலம்பேட்டையில் 1213-இல் எடுப்பித்த ஆலயமே, ராமப்பா கோயில் என்று பெயர் பெற்று, 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. யாதவ மன்னன் மனமிரங்கிக் கணபதிதேவரை விடுவிக்க, அவர் 1199-இல் அரியணை ஏறி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டார். கிருஷ்ணை, கோதாவரி இரண்டு நதிகளின் முகத்துவாரமும் கடற்கரையும் அவர் ஆணைக்குள் வந்தன. தலைநகரும் அனுமகொண்டையிலிருந்து ஓருகல்லுக்கு மாறிற்று. ஒற்றைப் பெரும்பாறையைக் கொண்டு விளங்குவதால் வடமொழியார் அதனை ஏகசிலா நகரம் என்பர். இன்றைய வாரங்கல் அதுவே.

பிள்ளையில்லாத வேந்தர்

கணபதிதேவர் கடற்கரை நாட்டை வென்றபோது, திவித் தீவின் தலைவர் குடியில் நாராம்பை, பேராம்பை என்னும் இரு சகோதரிகளை மணந்தார். அவர்களின் உடன்பிறந்தவனான ஜாயபன் அரசரின் யானைப்படைக்குத் தலைவனானான். போர்க்களத்து யானைகளை நடத்திய அவனே நிருத்த ரத்னாவளி என்னும் நாட்டிய சாஸ்திர நூலை வடமொழியில் இயற்றியவன் என்பதை அறிந்தால் அந்த அரசவையின் தரம் விளங்கும்.

செல்வம் இருந்தது, சேனை இருந்தது, கலை இருந்தது. ஆண் மகவு மட்டும் இல்லை. இரண்டு புத்திரிகள் இருந்தார்கள். ருத்ராம்பை என்ற ருத்ரமாதேவியார் ஒருவர். கணபாம்பை மற்றவர். கணபாம்பையைத் தான்யகடகத்தில் இருந்து ஆண்ட கோட்ட குலத்து பேதராஜனுக்கு மணம் செய்து கொடுத்தார்கள். கணவன் மறைந்தபின் அவ்வம்மையார் அவன் பெயரால் ஆலயம் எடுப்பித்து, அமராவதி ஈசனுக்குப் பொற்கலசம் சாத்தினார். ருத்ரமாதேவியாரைக் கீழைச் சாளுக்கிய குலத்தவனும் நிடதவோலு நாட்டுத் தலைவனுமாகிய வீரபத்ரன் கரம் பிடித்தான்.

அக்காலத்து வழக்கப்படி பார்த்தால், கணபதிதேவருக்கு வழிகள் பல இருந்தன. உறவில் ஓர் ஆண்பிள்ளையைச் சுவீகாரம் எடுத்திருக்கலாம். மருமகன் கையில் செங்கோலைத் தந்திருக்கலாம். தர்ம சாஸ்திரத்திலும் ஒரு வழி உண்டு. மகன் இல்லாத தகப்பன் தன் மகளைப் புத்திரிகையாக நியமித்துவிட்டால், அவள் வயிற்றுப் பிள்ளை பாட்டனுக்கே பிள்ளையாகி நீர்க்கடனும் சொத்தும் பெறுவான். மகாபாரதத்தில் மணலூர் வேந்தன் சித்ரவாகனன் தன் மகள் சித்ராங்கதையை இவ்வண்ணமே நியமித்து, அந்த உடன்படிக்கையின் பேரில்தான் அருச்சுனனுக்குக் கன்னிகாதானம் செய்தான்.

ஆயினும் புத்திரிகை விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. அங்கே மகள் ஒரு பாலம் மாத்திரமே. அரசு அவளைக் கடந்து அவள் மகனிடம் போய்ச் சேரும். கணபதிதேவர் செய்தது அதனினும் பெரிது. தம் மகளே ஆள வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பிறக்கப்போகும் பேரனுக்காகக் காத்திருக்கவில்லை. தம் கண் முன்னரே, 1260-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மகளை அருகில் அமர்த்தி உடன் ஆளச் செய்தார். 1262 முதல் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் ருத்ரமாதேவியார் தோளில் ஏறியது.

மகாராஜா என்ற பெயர்

அவரைக் கல்வெட்டுகள் ருத்ரதேவ மகாராஜா என்று ஆண்பாலில் அழைக்கின்றன. மூதாதையான ருத்ரதேவனின் பெயரும் அதுவே. அவர் ஆடவர் உடை தரித்து அத்தாணியில் வீற்றிருந்தார் என்றும், வாட்பயிற்சியும் யானையேற்றமும் குதிரையேற்றமும் இளமையிலேயே கற்றார் என்றும் தெலுங்கு நாட்டு மரபு சொல்கிறது. பிற்காலத்தில் சிலர் அவரைக் கணபதிதேவரின் பட்டத்தரசி என்றே தவறாக எண்ணினர். ஒரு பெண் அரசாளுகிறாள் என்றால் அவள் கைம்பெண்ணாய் இருந்து கணவனின் அரசைத்தான் காப்பாள் என்னும் எண்ணம் உலகில் அவ்வளவு வேரூன்றியிருந்தது. ஆனால் அவருடைய பேரன் பிரதாபருத்ரனின் அவைக்களப் புலவரான வித்யாநாதரும், அவர் நூலுக்கு உரை கண்ட குமாரஸ்வாமியும் அவரை மகள் என்றே தெளிவாகக் குறித்துவிட்டனர். இந்தக் குமாரஸ்வாமி, காளிதாச காவியங்களுக்கு உரை எழுதிய மல்லிநாதரின் குமாரர்.

வித்யாநாதரின் நூலாகிய பிரதாபருத்ரீயத்தை அடியேன் ஸம்ஸ்கிருத பாடசாலையில் அலங்கார சாஸ்திரப் பாடமாகப் படித்தேன். நாயக லக்ஷணத்தையும் ரஸங்களையும் நெட்டுருச் செய்து ஒப்பித்தோம். அந்த நாயகனை வளர்த்து ஆளாக்கி அரசையும் கொடுத்த பாட்டியார் யார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யும் ஆசையாலும் இதனை எழுதுகிறேன்.

முதற் சோதனை

அரியணை மலர்ப்படுக்கையாய் அமையவில்லை. தெற்கே சடாவர்ம சுந்தர பாண்டியன் பெருஞ்சேனையோடு வடக்கு நோக்கி வந்தான். திருவரங்கத்து விமானத்திற்குப் பொன் வேய்ந்தவன் என்று நாம் போற்றுகிறோமே, அந்தப் பாண்டியனே தான். 1263-ஐ ஒட்டி முத்துக்கூர்ப் போரில் காகதீயர் படை உடைந்தது. பாண்டியன் நெல்லூரில் வீராபிஷேகம் செய்துகொண்டான். காகதீயருக்குத் தென்திசை கைநழுவிற்று. அறுபது ஆண்டு வென்றே பழகிய முதிய தந்தைக்கு அந்தத் தோல்வி எப்படி இருந்திருக்கும்! புதிதாய்ப் பொறுப்பேற்ற மகளுக்கோ அதுவே முதற்பாடம்.

தோற்ற அரசைக் கண்டால் உள்ளிருப்போரும் தலைதூக்குவர். ஒரு பெண்ணுக்குப் பணிவதா என்று குலப்பெருமை பேசிய பிரபுக்கள் எதிர்த்தனர் என்றும், அரச குடும்பத்தினரே கோட்டையைக் கைப்பற்ற முயன்றனர் என்றும் பிற்காலத்து பிரதாப சரித்திரம் கூறும். அந்நிலையில் தேவியாரின் பக்கம் நின்றவர்களில் முதல்வன் ரேச்சர்ல பிரசாதித்யன். காகதீய ராஜ்யத்தை நிலைநிறுத்திய ஆசாரியன் என்னும் விருதை அவன் பெற்றான். விழுந்த அரசைத் தூக்கி நிறுத்த வேண்டிய காலம் ஒன்று இருந்தது என்பதை அந்த விருதே சொல்லிவிடுகிறது.

தேவியார் பழங்குடிப் பிரபுக்களை மட்டும் நம்பியிருக்கவில்லை. பிறப்பினால் பெயர் பெறாத வீரர்களையும் தகுதி கண்டு நாயகர்களாக உயர்த்தினார். காகதீயர்களே தங்கள் சாசனங்கள் பலவற்றில் தாங்கள் நான்காம் வருணத்தவர் என்று மறைக்காமல் பொறித்துக்கொண்டவர்கள். குலத்தைக் காட்டிலும் கைத்திறனை மதிப்பது அவர்களுக்குப் புதிதன்று.

தேவகிரியின் படை

வடமேற்கில் பழம்பகையான யாதவர் மறுபடியும் எழுந்தனர். 1260 முதல் 1270 வரை ஆண்ட மகாதேவன் என்ற யாதவ மன்னன் காகதீய நாட்டின்மேல் படையெடுத்தான். இந்தப் போரைப் பற்றி இரு பக்கத்தாரும் இரு விதமாகச் சொல்வர். மகாதேவனின் அமைச்சரும், சதுர்வர்க்க சிந்தாமணி என்னும் பெருந்தொகுப்பின் ஆசிரியருமான ஹேமாத்ரி, தம் மன்னன் யானைகளையும் வாத்தியங்களையும் கவர்ந்தானென்றும், ருத்ரமாதேவியார் பெண் என்பதால் அவரைக் கொல்லாது விட்டானென்றும் எழுதினார். தெலுங்கு நாட்டு பிரதாப சரித்திரமோ, தேவியார் யாதவப் படையைப் பல நாள் பொருது முறியடித்து, தேவகிரி வாயில் வரை துரத்திச் சென்று கோடிப் பொன் திறையாகப் பெற்றார் என்கிறது.

எது மெய்? பிதர்க் கோட்டையில் கிடைத்த ஒரு சிதைந்த கன்னடக் கல்வெட்டு நமக்கு வழி காட்டுகிறது. அங்கே சிந்த குலத்துத் தலைவன் ஒருவன் ருத்ரமாதேவியாரைத் தன் அரசியாகக் குறித்து, ராயகஜகேசரி, அதாவது பகையரசராகிய யானைகளுக்குச் சிங்கம், என்ற விருதோடு எழுதியிருக்கிறான். பிதர் யாதவரின் எல்லைக்குட்பட்ட நிலம். தோற்றோடியவரின் பெயர் பகைவன் நாட்டுக் கோட்டையில் அரசி என்று பொறிக்கப்படுமா? பெண் என்பதால் விட்டோம் என்று எழுதுவது, தோற்ற சேனைக்கு எளிதில் அகப்பட்ட ஆறுதலாகவே அடியேனுக்குப் படுகிறது.

கிழக்கே கலிங்கத்துக் கங்கர்கள் கோதாவரிக் கரைக்கு இறங்கி வந்தபோது, போதி நாயகன், புரோலி நாயகன் என்னும் தளபதிகள் அவர்களைத் தடுத்து வென்று, கஜபதிகளின் கர்வம் அடக்கியவர் என்னும் பொருள்பட விருதுகள் பெற்றனர்.

ஓருகல் கோட்டையின் கல் மதிலைத் தந்தையார் தொடங்கிவைத்தார். தேவியார் அதை மேலும் உயர்த்தி, வெளியே மண் மதிலும் அகழியும் சூழச் செய்து முடித்தார். கல் மதிலில் மட்டும் 45 கொத்தளங்கள். கோட்டை நடுவே ஸ்வயம்பூ தேவர் ஆலயத்திற்குத் தேவியார் மண்டபம் சேர்த்தார். அங்கே சிங்கத்தின்மேல் ஏறிக் கையில் ஆயுதம் தரித்த வீரமங்கையின் சிற்பம் தேவியாரின் விருதையே உருவாகக் காட்டுவது என்று ஆய்வாளர் கருதுவர்.

மந்தடத்தில் நடந்த தர்மம்

போர்கள் எத்தனை இருந்தாலும் ஓர் அரசை அளக்கும் கோல் அதன் தர்மமே. குண்டூர்ப் பகுதியில் கிருஷ்ணா நதியின் தென்கரையில், மல்காபுரத்தில் சகாப்தம் 1183-இல், அதாவது 1261-ஆம் ஆண்டில், நாட்டப்பெற்ற கல்தூண் சாசனம் வடமொழி பயின்ற ஒவ்வொருவரும் அறிய வேண்டிய ஒன்று. வங்கத்து ராட நாட்டில் பிறந்து தெற்கே வந்த விசுவேசுவர சிவாசாரியார் கணபதிதேவரின் குரு. அவருக்குத் தந்தையும் மகளும் மந்தடம் முதலிய ஊர்களைத் தானமாக அளித்தார்கள். அவர் அவ்வூர்களின் வருவாயை மூன்றாகப் பகுத்தார். ஒரு பங்கு ஆலயத்திற்கு. ஒரு பங்கு மடத்துத் துறவிகளுக்கும் வித்யார்த்திகளுக்கும். மூன்றாம் பங்கு பிரசவ சாலைக்கும், ஆரோக்கிய சாலைக்கும், அன்ன சத்திரத்திற்கும்.

ரிக், யஜுஸ், ஸாமம் என்னும் மூன்று வேதங்களுக்கும் ஆசிரியர்கள் நியமனமானார்கள். வியாகரணம், மீமாம்ஸை, தர்க்கம், ஸாஹித்யம், ஆகமம் ஆகியவற்றுக்கு ஐவர். மருத்துவர் ஒருவர். கணக்கெழுதக் காயஸ்தர் ஒருவர். சத்திரத்தில் அந்தணர் முதல் சண்டாளர் ஈறாக, பசித்து வந்த யாவருக்கும் தடையின்றி அன்னமிட வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள்.

இவற்றுள் பிரசவ சாலை என்ற சொல்லில் அடியேனின் மனம் நின்றுவிடுகிறது. வேத பாடசாலையும் அன்ன சத்திரமும் நம் நாட்டில் பல மன்னர் வைத்தார்கள். பிள்ளை பெறும் பெண்ணுக்கென்று ஓரிடம் வைத்து, அதைக் கோயில் தர்மத்தோடு சேர்த்துக் கல்லில் எழுதியது எழுநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட செயல். ஒரு மகள் தந்தையோடு சேர்ந்து ஆளத் தொடங்கிய காலத்தில் அது நடந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மோட்டுப்பள்ளியும் துணியும்

நம் திருப்பூரின் அன்பர்கள் இனிக் கூறப்போவதைச் சற்றே கூர்ந்து கேட்க வேண்டும். நூலும் துணியும் கப்பலேறிக் கடல் கடப்பது எத்தகைய தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். ஏற்றிய சரக்கு போய்ச் சேரும் வரை எத்தனை இரவுகள் உறக்கம் கெடும் என்பதும் தெரியும்.

கிருஷ்ணை முகத்துக்குத் தெற்கே மோட்டுப்பள்ளி என்று ஒரு துறைமுகம் இருந்தது. முன்பெல்லாம் புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கை அந்தந்தக் கரையின் அரசர் பறித்துக்கொள்வது வழக்கம். கடல் விட்டதை அரசன் விழுங்குவான். கணபதிதேவர் 1244-45-இல் அபய சாசனம் ஒன்றை அங்கே நாட்டினார். கப்பல் உடைந்து வந்தாலும் சரக்கு வணிகனுக்கே உரியது, ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் முப்பதில் ஒரு பங்கே சுங்கம், அதற்குமேல் ஒரு காசும் கொள்வதில்லை என்று உறுதி கூறினார். சந்தனம், கற்பூரம், பன்னீர், தந்தம், பவளம், பட்டுநூல், மிளகு ஆகியவற்றுக்கு விகிதங்கள் தனித்தனியே குறிக்கப்பட்டன.

தந்தை தந்த அபயம் மகள் காலத்தில் என்ன பயன் தந்தது என்பதை ஓர் அந்நியன் எழுதி வைத்தான். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, 1290-களின் தொடக்கத்தில் கடல் வழியே திரும்புகையில் இக்கரைச் செய்திகளைக் கேட்டறிந்தான். மோட்டுப்பள்ளியின் பெயராலேயே இந்நாட்டை அழைத்து, இதை ஒரு பெண்மணி ஆள்கிறார் என்றும், நீதியும் நடுநிலையும் அமைதியும் விரும்பும் அவரைப்போல் குடிகளால் நேசிக்கப்பட்டவர் எவருமில்லை என்றும் எழுதினான். மலையில் பெய்யும் மழையோடு வைரக்கற்கள் உருண்டு வருவதையும் சொன்னான். உலகத்திலேயே மிக மெல்லிய துணி இங்கே நெய்யப்படுவதாகவும், அது சிலந்தி வலையைப் போல் இருப்பதாகவும், எந்த அரசனும் அரசியும் அதை உடுத்தப் பெருமைப்படுவர் என்றும் வியந்தான். அவரை அரசரின் மனைவி என்றும், நாற்பது ஆண்டு ஆண்டவர் என்றும் அவன் கேட்டவாறே எழுதியது பிழை. அவர் மகள். தேவியார் 1289-லேயே மறைந்துவிட்டார். ஆயினும் மறைந்தபின்னும் அந்நியன் காதில் விழும்படி அவர் பெயர் துறைமுகங்களில் நின்றது என்பது மெய்.

அந்தச் சிலந்தி வலைத் துணியை நெய்தவர்களின் பெயர் ஒன்றும் மிஞ்சவில்லை. நூற்றதும் பாவோடியதும் பெண்களின் விரல்களாகவும் இருந்திருக்கும். இன்றைக்குத் தைக்கும் பொறியின் முன்னும் செக்கிங் மேசையின் முன்னும் குனிந்திருக்கும் நம் சகோதரிகள் அந்த வரிசையில் வந்தவர்களே.

தேவியாரின் மக்கள்

ருத்ரமாதேவியாருக்கும் ஆண் மகவு பிறக்கவில்லை. மும்மடம்மை, ருய்யம்மை என்று பெண்கள் இருந்தனர். ருத்ரமா என்ற பெயரிலேயே ஒரு பெண்ணைத் தத்தெடுத்தும் வளர்த்தார். மும்மடம்மையை மகாதேவன் என்ற காகதீயக் குமரன் மணந்தான். ருய்யம்மை இந்துலூரி என்னும் அந்தண மந்திரி குலத்து அன்னயனின் மனைவியானார். தத்துப்பெண்ணை யாதவ குலத்து எல்லணதேவன் மணந்தான். போரிட்ட குலத்தின் பெயர் கொண்டவன் வீட்டிலும் தேவியாரின் மகள் விளக்கேற்றினாள்.

மும்மடம்மையின் பிள்ளையே பிரதாபருத்ரன். அவனைப் பாட்டியார் தம் மகனாகவே சுவீகாரம் செய்து, வாளும் நூலும் கற்பித்து, அரசுக்கு உரியவனாக்கினார். தந்தை மகளுக்குக் கொடுத்ததை, அந்த மகள் தம் மகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கொடுத்தார்.

இறுதிப் போர்

தெற்கே கடப்பைப் பகுதியில் வல்லூரிலிருந்து ஆண்டவர்கள் காயஸ்தத் தலைவர்கள். கணபதிதேவரால் உயர்த்தப்பட்ட குடும்பம் அது. ஜன்னிகதேவனும் திரிபுராரியும் தேவியாருக்கு அடங்கி நடந்தனர். அவர்களுக்குப்பின் 1272-இல் பதவிக்கு வந்த இளையவன் அம்பதேவன் வேறு நினைவு கொண்டான். அண்டை நாயகர்களை ஒவ்வொருவராக அடித்து, காகதீய ஆணையை உதறிவிட்டுத் தனியரசன்போல் நடக்கலானான்.

தேவியாருக்கு அப்போது முதுமை. பேரன் வளர்ந்துவிட்டான். வேறொருவராய் இருந்தால் படையை அனுப்பிவிட்டு அரண்மனையில் இருந்திருப்பார். தேவியார் தம் சேனாபதி மல்லிகார்ஜுன நாயகனோடு போர்முகத்திற்குச் சென்றார். திரும்பவில்லை.

நல்கொண்டை மாவட்டம் சந்துபட்லவில் 1289-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாளிட்ட ஒரு கல் நிற்கிறது. மல்லிகார்ஜுன நாயகனின் ஊழியனான புவ்வுல மும்மடி என்பவன், தன் அரசியும் தன் தலைவனும் சிவலோகம் எய்தினர் என்று கூறி, அவர்களின் புண்ணியத்திற்காக அவ்வூர்ச் சோமநாத தேவருக்கு நிலம் விட்ட சாசனம் அது. இருவரும் ஒருசேர மறைந்ததைக் கொண்டு, அம்பதேவனோடு நடந்த போரில்தான் இருவரும் வீழ்ந்தனர் என்று அறிஞர் முடிவு செய்தனர். பேரரசியின் மரணத்தை நமக்குச் சொன்னவன் மன்னனும் அல்லன், கவியும் அல்லன். எஜமானரை இழந்து நின்ற ஓர் ஊழியன். அவன் விட்டது சிறு நிலமே. ஆனால் அதுவே அழியாமல் நின்று பேசுகிறது.

பேரனும் திருவரங்கமும்

பட்டமேறிய பிரதாபருத்ரன் 1291-லேயே திரிபுராந்தகத்தின்மேல் படை நடத்தி அம்பதேவனை அடக்கினான். 1316-இல் அவன் சேனாபதி முப்பிடி நாயகன் காஞ்சியைக் கைக்கொண்டு, நம் பேரருளாளப் பெருமாளுக்குத் தானம் விட்டான். மறுவருஷம் தேவரி நாயகன் என்ற தளபதி பாண்டியர் பூசலில் தலையிட்டு வென்று, தன் மன்னனின் புண்ணியத்திற்காகத் திருவரங்கநாதனுக்கு ஊர் அளித்தான். பாட்டியாரின் படையை முறியடித்த பாண்டியன் பொன் வேய்ந்த அதே விமானத்தின் கீழ், பேரனின் சேனாபதி கைகூப்பி நின்றான். அரசர் ஒருவரையொருவர் வென்றும் தோற்றும் போக, பெருமாள் மட்டும் இருவர் காணிக்கையையும் ஏற்றுப் பள்ளிகொண்டிருந்தார்.

1323-இல் தில்லிச் சேனை ஓருகல்லைப் பிடித்தது. சிறைப்பட்டுச் சென்ற பிரதாபருத்ரன் வழியில் நர்மதைக் கரையில் உயிர் நீத்தான். காகதீய அரசு முடிந்தது. தேவியார் நாமம் முடியவில்லை. ஹைதராபாத் ஏரிக்கரையில் 1986-இல் திறக்கப்பட்ட சான்றோர் சிலைகளில் அவருடையதும் ஒன்று. 2015-இல் அவர் கதை திரைப்படமாகித் தமிழிலும் வந்தது.

நிறைவாக ஒரு விண்ணப்பம்

முன்னே சொல்லாமல் வைத்த காரணத்திற்கு வருகிறேன். ஸந்நிதியில் அர்ச்சனைக்கு வருவோரில், இரண்டு பெண் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த முறையேனும் ஆண் பிள்ளை பிறக்க வேண்டும் என்று கண்ணீரோடு ஸங்கல்பம் செய்யச் சொல்வோர் பலர். அடியேனும் புத்ர பௌத்ராபிவிருத்தி என்று உரக்கச் சொல்லி அர்ச்சனை செய்கிறேன். அந்தச் சிறுமிகள் அண்ணாந்து அடியேன் முகத்தைப் பார்ப்பார்கள். தங்களைப் பற்றி ஏதோ குறை சொல்லப்படுகிறது என்பது குழந்தைகளுக்கும் தெரியும். அந்தப் பார்வைக்கு நெடுநாள் அடியேனிடம் விடை இல்லை.

விடை இலக்கணத்தில் இருந்தது. பாணினி மகரிஷி வகுத்த ஏகசேஷ விதியின்படி, மகனையும் மகளையும் சேர்த்துச் சொல்லும்போது புத்ர என்னும் ஒரு சொல்லே எஞ்சி நின்று இருவரையும் குறிக்கும். பாடசாலைச் சிறுவர்களும் அறிந்த விதி இது. ஆகவே அந்த ஸங்கல்பத்தில் மகளும் இருக்கிறாள். அவளை வெளியே நிறுத்தியது சாஸ்திரம் அன்று, நம் பழக்கமே. இப்போதெல்லாம் அவ்விதம் வருவோரிடம் அர்ச்சனை முடிந்ததும் இந்தப் பொருளைச் சொல்லி, குழந்தைகள் கையில் முதலில் துளசியைக் கொடுக்கிறேன்.

கணபதிதேவர் பிள்ளையில்லையே என்று ஏங்கிக்கொண்டே இருந்திருந்தால், காகதீயம் அவரோடு சிதறியிருக்கும். இருந்த மகளை நிமிர்ந்து பார்த்தார். நாடு இன்னும் ஒரு தலைமுறைக்கும் மேல் நின்றது. தேர் சேவித்து வீடு திரும்பும் தகப்பன்மார்கள், தங்கள் இல்லத்துப் பெண் குழந்தையின் படிப்பையும் பங்கையும் பற்றி இன்றிரவு ஒரு கணம் நினைப்பார்களானால், இச்சரிதம் எழுதிய பயன் கைகூடியதாகக் கொள்வேன். பூமிப்பிராட்டியைத் தன் கொம்பில் ஏந்திய வராகப் பெருமான், ஏந்தப்பட வேண்டிய எல்லாப் பெண் மக்களையும் ஏந்திக் காத்தருள்வானாக.

சுபம்.